மல்லாட்டைக் கொடி மெத்தை

மனைவியை அடக்கம் செய்து பதினான்கு மாதம் ஆன ஒருவன், சாயங்கால நேரத்தில் கையில் கயிறோடு மரம் பார்த்துத் திரிந்தால் ஊர் என்ன நினைக்கும்? இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். பி.எஸ்சி. வேதியியலில் முதல் வகுப்பில் தேறிய அந்தோணி பிரபுவுக்கு அது மட்டும் தோன்றவில்லை.

அவன் கவலை வேறு. விக்கிரவாண்டி தாண்டி உள்ளே போனால் மாமனார் அமலதாஸின் கொல்லை. அங்கே மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் இரண்டு வேப்பமரங்கள். இடையில் பன்னிரண்டு அடி தேற வேண்டும். காலடி வைத்து அளந்தான். தேறியது. கயிற்றை மரத்தில் சுற்றி முடிச்சுப் போட்டு, இரண்டு கையாலும் பிடித்துக் கால்களைத் தூக்கி, உடம்பு எடையைக் கொடுத்துப் பார்த்தான். தாங்கியது.

வரப்புக்கு அந்தப் பக்கம் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த பாக்கியமேரி அந்த நேரம் பார்த்து நிமிர்ந்தாள். அரிவாளைக் கீழே போட்டாள். இடுப்பிலிருந்து போனை எடுத்தாள்.

ஆறே நிமிடத்தில் அமலதாஸின் டிவிஎஸ் வரப்பு மேலேயே வந்து நின்றது. நின்றது என்பது மரியாதைக்குச் சொல்வது. விழுந்தது. முப்பது வருடம் லாரி ஓட்டி எங்கேயும் ஒரு கீறல் போடாத மனிதர், வேட்டி ஒரு பக்கம் தான் ஒரு பக்கமாக ஓடி வந்தார்.

“டேய்! இன்னாடா பண்ற?”

மருமகனை அவர் ‘டா’ போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பிரபு அதைக் கவனித்தான். காரணம் விளங்கவில்லை.

“வாங்க மாமா. கயிறு கட்டறேன்.”

“எதுக்கு?”

“படுக்கறதுக்கு.”

பிரபு பையிலிருந்து பச்சை நிறத் துணி ஒன்றை எடுத்து உதறினான். அதன் இரண்டு முனைகளையும் இரண்டு மரத்துக் கயிற்றிலும் மாட்டினான். உட்கார்ந்தான், சாய்ந்தான், கால்களை உள்ளே இழுத்துக்கொண்டான். துணி அவனை விழுங்கியது. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

“ஹேமக் மாமா. தூளி மாதிரி. கேம்பிங் போறவங்க இதுலதான் படுப்பாங்க.”

அமலதாஸ் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு அடங்க நேரம் ஆயிற்று. பிறகு எழுந்து வந்து கயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

“இந்த முடிச்சு நிக்காது மாப்ள. எறங்குங்க.”

அவிழ்த்தார். லாரியில் தார்ப்பாய்க்குப் போடும் முடிச்சைப் போட்டார். இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு. பாதியில் அவர் கைகள் நின்றன. எதற்காக ஓடி வந்தோம், இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று தோன்றியிருக்க வேண்டும். பிறகு முடித்தார்.

அதற்குள் பாக்கியமேரி வந்துவிட்டாள். பச்சைத் துணியைப் பார்த்தாள். பிரபுவைப் பார்த்தாள்.

“தூளியா? இன்னா வயசாவுது தம்பி உனக்கு?”

“முப்பத்தொண்ணுக்கா.”

“பல்லு மொளச்சிடுச்சா?”

*

அன்று காலையில்தான் அது நடந்தது. பிரபுவுக்கு விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலை. ஊர் ஊராக வரும் பாலைச் சோதித்து, நாலு டிகிரிக்குக் கொண்டுவந்து, டேங்கருக்கு ஏற்றுவது. வெள்ளிக்கிழமை காலை ஆறேகால் மணிக்கு நாற்பது லிட்டர் கேனுக்குக் குழாயைத் திறந்துவிட்டு நின்றான். கேன் நிரம்பியது. வழிந்தது. தரையில் ஓடிச் சாக்கடைக்குள் இறங்கியது. அவன் பார்த்துக்கொண்டே நின்றான். கண்கள் திறந்துதான் இருந்தன. எவ்வளவு வெள்ளை என்று நினைத்ததாக ஞாபகம்.

மேனேஜர் விருத்தாசலம் வந்து குழாயை மூடினார். அவர் கத்துகிற ஆள். அன்று கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“எத்தினி நாளாச்சு நீ தூங்கி?”

பிரபு உண்மையிலேயே கணக்குப் போட்டுப் பார்த்தான்.

“விடு. இன்னியோட மூணு நாள் லீவு. திங்கக்கிழம காலைல தூங்கிட்டு வா. தூங்காம வந்தீன்னா, வராத. வேற ஆள் போட்டுடுவேன். ஆசிட்டு வெச்சிருக்கற எடம்யா இது. இன்னிக்குப் பாலு, நாளைக்கி இன்னாத்த ஊத்துவியோ.”

நியாயமான பேச்சு. பிரபு தலையாட்டினான். போகிற வழியில் தூங்கிவிட்டுப் போகிறேன் என்று சொல்லக்கூடிய விஷயமாக அது இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திண்டிவனத்தில் அவன் குடியிருந்த மாடி வீட்டில் ஒரு கட்டில் இருந்தது. கட்டிலில் எந்தக் குறையும் இல்லை. அதற்கு இரண்டு பக்கம் இருந்தது, அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் மனைவி சகாய பிரியா, வெளிப்பக்கம் அவன். முதுகோடு முதுகு ஒட்டித்தான் இருவரும் தூங்குவார்கள். அவளுக்குச் சைனஸ். இரவெல்லாம் ‘புஸ், புஸ்’ என்று மூச்சு விடுவாள். கல்யாணமான புதிதில் அந்தச் சத்தத்தில் அவனுக்குத் தூக்கம் வராது. ஒரு செவ்வாய்க்கிழமை தலைவலி என்றாள். வெள்ளிக்கிழமை இல்லை. அதற்குப் பிறகு சத்தம் இல்லாமல் தூக்கம் வராமல் போயிற்று.

வெளிப்பக்கமே படுத்தான். நடுவில் படுத்துப் பார்த்தான். சுவர்ப் பக்கம் ஒரே ஒரு நாள். தரையில் பாய் போட்டான்; பாய்க்கும் இரண்டு பக்கம் இருந்தது.

தூங்காத மனிதன் போனைப் பார்ப்பான். போனைப் பார்க்கிறவன் வாங்குவான். இரவு இரண்டரை மணிக்கு மனிதன் வாங்கும் பொருள்களில் உருப்படியானது கிடையாது. தலையைச் சொறிந்துவிடும் ஸ்டீல் கம்பி. வெங்காயத்தை நட்சத்திரமாக வெட்டும் கருவி. அந்த வரிசையில் மூன்றாவதாக வந்தது அந்தப் பச்சைத் தூளி.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டித் தூணுக்கும் டிஷ் கம்பத்துக்கும் நடுவே கட்டிப் பார்த்தான். இரண்டு மணி நேரம் தூங்கினான். ஆச்சரியத்தில் விழித்துக்கொண்டான். காரணம் சுலபம். தூளிக்குப் பக்கம் கிடையாது. ஒருவன் படுத்தால் நிறைந்துவிடும். காலி இடம் என்று ஒன்று அதில் இல்லை.

மறுநாளே வீட்டுக்காரர் அப்பாதுரை படியேறி வந்தார். “சார், மாடியில கயிறு கியிறு கட்ட வேணாம் சார். எதிர் வீட்டுல பொண்ணு பாக்க வர்றாங்க” என்றார். பொண்ணு பார்ப்பதற்கும் கயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று பிரபு கேட்டான். அவர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு இறங்கினார். விசித்திரமான மனிதர் என்று நினைத்துக்கொண்டான்.

அதனால்தான் மாமனாரின் கொல்லை. கையில் மூன்று இரவு. மூன்றில் ஒன்றிலாவது முழுசாகத் தூங்க வேண்டும்.

*

வெள்ளி இரவு பத்து மணிக்குப் படுத்தான். உடனே தூக்கம் வந்தது. பதினொரு மணிக்கு முகத்தில் டார்ச் வெளிச்சம்.

“ஒண்ணும் இல்ல மாப்ள. மோட்டார் பாக்க வந்தேன்.” அமலதாஸ் போய்விட்டார்.

மறுபடி தூங்கி இரண்டு மணிக்கு விழித்தான். இந்த முறை முதுகு எழுப்பியது. மார்கழி பிறக்க இன்னும் சில நாள்கள் இருந்தன. பனி அதற்குக் காத்திருக்கவில்லை. மேலே போர்வை, கீழே மடித்துப் போட்ட இன்னொரு போர்வை. மேலே சுகமாக இருந்தது. கீழே, முதுகிலிருந்து தொடை வரை, ஈரத் துணியைச் சுற்றியது போல இருந்தது.

போனில் பார்த்தான். இருபது டிகிரி. இமயமலையில் கூடாரம் போடுகிறவன் கேட்டால் சிரிப்பான். விழுப்புரம் மாவட்டத்தில் குளிரில் விறைத்தவன் என்று சரித்திரத்தில் ஒருவன் பெயர் வரும் என்றால் அது தன் பெயராகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

காரணம் அவனுக்குத் தெரியும். படித்தவன் அல்லவா. போர்வை சூடு தருவதில்லை. போர்வைக்குள் சிக்கியிருக்கும் காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. மேல் போர்வையில் காற்று இருக்கிறது. கீழ்ப் போர்வையின் காற்றை அவனுடைய எழுபத்திரண்டு கிலோ நசுக்கிவிட்டது. அதற்கும் கீழே தரை இல்லை, வாடைக்காற்று. பகலெல்லாம் பாலை இதே முறையில்தான் குளிரவைக்கிறார்கள். காரணம் தெரிந்ததால் குளிர் குறையவில்லை. விடியும் வரை விழித்தே கிடந்தான்.

சனிக்கிழமை காலையில் கேம்பிங் வீடியோக்களைப் பார்த்தான். வெள்ளைக்காரர்கள் தூளிக்கு அடியில் வாத்து இறகு அடைத்த மெத்தையைத் தொங்கவிடுகிறார்கள். உடம்பு அதை நசுக்காது. காற்று காற்றாகவே இருக்கும். விலையைப் பார்த்தான். அவனுடைய ஒன்றரை மாதச் சம்பளம். மேலும் இந்த வட்டாரத்தில் வாத்து வறுவலாகத்தான் கிடைக்கும்.

காசில்லாதவர்களுக்கு என்று தனி வீடியோ இருந்தது. காரின் முன்கண்ணாடியில் வெயிலுக்கு வைக்கும் வெள்ளித் தட்டி போதும் என்றது. பஸ் ஏறி விழுப்புரம் போனான்.

“இன்னா காருங்க?” என்றார் கடைக்காரர்.

“கார் இல்லைங்க.”

“அப்புறம் எதுக்கு?”

“முதுகுக்கு.”

கடைக்காரர் அதற்குமேல் கேட்கவில்லை. பக்கத்துக் கடையில் யோகா செய்கிற ரப்பர் விரிப்பு ஒன்றும் வாங்கினான். இரண்டும் சேர்ந்தால் குளிர் எங்கிருந்து வரும் என்று பார்த்துவிடுவோம்.

சனி இரவு ஒன்பது மணிக்கு, அவன் எல்லாவற்றையும் அடுக்கி உள்ளே இறங்கும் நேரத்தில், கோயில் இளைஞர்கள் கிறிஸ்துமஸ் கேரல் பாடிக்கொண்டு டிரம்மோடு கொல்லைக்கே வந்துவிட்டார்கள். அமலதாஸ் வீட்டில் பாடி முடித்ததும், “மாப்ளயும் கொல்லியிலதான் இருக்காரு, அங்கயும் ஒண்ணு பாடிட்டுப் போங்கப்பா” என்று அவர்தான் அனுப்பியிருந்தார். தூளியில் படுத்திருப்பவனைச் சுற்றி நின்று பாலன் பிறந்தார் என்று பாடினார்கள். எந்தப் பக்கம் முகத்தை வைத்துக்கொள்வது என்று பிரபுவுக்குத் தெரியவில்லை. படுத்தபடியே கைதட்டினான்.

பஞ்சுத் தாடி வைத்த கிறிஸ்துமஸ் தாத்தா குனிந்து கேட்டான். “ண்ணா, இதுல முதுகு குளிராது?”

“குளிரும்.”

“எனுக்கு உள்ள வேத்துக் கொட்டுதுண்ணா. கம்பளிக் கோட்டு. பேஜாரா கீது.”

பிரபு அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்த பார்வையில், தாத்தா இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

வெள்ளித் தட்டி திரும்பும்போதெல்லாம் அப்பளம் நொறுங்குகிற சத்தம் போட்டது. பதினொரு மணிக்கு டார்ச் வந்தது. “மோட்டார் பாக்க வந்தேன் மாப்ள.” பன்னிரண்டு மணிக்கு ரப்பர் விரிப்பு நழுவி ஒரு பக்கம் போயிற்று, அவன் ஒரு பக்கம் போனான். இரண்டு மணிக்கு முதுகு சொதசொதவென்று நனைந்திருந்தது. வெள்ளித் தட்டி வெளிக்குளிரை உள்ளே விடவில்லை. உள்வேர்வையையும் வெளியே விடவில்லை. தன் வேர்வையிலேயே நனைந்து குளிர்ந்த முதல் ஆள் என்ற பெருமையும் சேர்ந்தது.

*

ஞாயிறு காலை பூசைக்குப் போனான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம். “விழித்திருங்கள்” என்று ஃபாதர் பிரசங்கம் ஆரம்பித்தார். அந்தக் கோயிலில் அந்தக் கட்டளையை ஒழுங்காகக் கடைப்பிடித்து வந்தவன் பிரபு ஒருவன்தான். ஒரு பக்கம் அமலதாஸ், மறு பக்கம் தடித்த யாரோ ஒருவர், நடுவே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தான். பிரசங்கம் முடிந்த பிறகும் சேர்த்து மொத்தம் பதினொரு நிமிடம் அற்புதமாகத் தூங்கினான். மாமனார் அவனை எழுப்பவில்லை. எழுந்து நிற்க வேண்டிய இடத்தில்கூட அவர் எழாமல் தோளைக் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தார்.

பதினொரு நிமிடத்தை விருத்தாசலம் ஏற்றுக்கொள்ள மாட்டார். இன்னும் ஒரே இரவுதான் பாக்கி.

மத்தியானம் பாக்கியமேரியின் கொட்டகைப் பக்கமாக நடந்து போனான். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கி முடித்த நேரம். காய்ந்த மல்லாட்டைக் கொடியைக் கொட்டகையோரம் ஆளுயரத்துக்குப் போர் போட்டு வைத்திருந்தாள். நடந்துகொண்டே அதற்குள் கையை விட்டான். விட்ட கை அங்கேயே நின்றது. உள்ளே கதகதவென்று இருந்தது. சுருண்டு சுருண்டு கிடக்கும் காம்பும் இலையும், அவற்றுக்கு நடுவே முழுக்கக் காற்று. வாத்து இறகு செய்யும் வேலையை இது செய்யும்.

“கைய எடு தம்பி, நல்ல பாம்பு கீம்பு கீது” என்றாள் பாக்கியமேரி, ரோஜாவுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே. ரோஜா அவள் மாடு. செவலை, கலப்பினம், காலையும் மாலையும் ஏழு ஏழு லிட்டர். அதன் பாலைத் தினமும் சோதிப்பவன் பிரபுதான். முகத்தை இன்றுதான் கிட்டத்தில் பார்த்தான்.

“அக்கா, இதுல ரெண்டு கட்டு குடுங்க.”

“மாடு வாங்கிட்டியா?”

“மெத்தைக்கு.”

பாக்கியமேரி தண்ணீர் வாளியைக் கீழே வைத்தாள். “மாடு திங்கறதுல நீ படுக்கப் போற.”

“அடியில கட்டித் தொங்கவிடணும். மேல படுக்கறதில்ல.”

“ஏசு சாமிகூட மாட்டுத் தொட்டியிலதான் படுத்தாரு. அவரு பொறந்த கொழந்த, எடம் கெடைக்கல. உனுக்கு இன்னா கேடு? திண்டிவனத்துல மாடி வூடு கீது, ஃபேன் கீது, கட்டிலு கீது.”

பிரபுவின் கை இன்னும் கொடிக்குள்ளேயே இருந்தது. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அதற்குமேல் கேலி செய்யவில்லை.

“மூணு கட்டா எடுத்துக்க. கீழ்க்கட்டு வேணாம், ஈரம். மேல் கட்டு எடு.”

பழைய கொசுவலை ஒன்றைக் கோணி ஊசியால் நீளப் பையாகத் தைத்தான். கொடியை அமுக்காமல் அடைத்தான். தூளிக்கு அடியில், முதுகை உரசியும் உரசாமலும் இருக்கும்படி கயிற்றால் கட்டித் தொங்கவிட்டான். தள்ளி நின்று பார்த்தால், ஒரு பெரிய பச்சை மீன் வைக்கோல் குட்டி போட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது. செலவு எதுவும் இல்லை. அவனுக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

பொழுது சாய்ந்ததும் பாக்கியமேரி ரோஜாவை ஓட்டிக்கொண்டு வந்தாள். வேப்பமரத்தை ஒட்டியிருந்த புங்கமரத்தில் கட்டினாள். கயிற்றை நீளமாகவே விட்டாள்.

“கொட்டாயில ஈரம் தம்பி. இன்னிக்கு ஒரு நா இவ இங்க இருக்கட்டும்.”

மூன்று வாரமாக மழையே இல்லை. பிரபுவுக்கு அதுவும் தோன்றவில்லை. சரிக்கா என்றான்.

பதினொரு மணிக்கு டார்ச் வரவில்லை. அல்லது வந்தது, அவனுக்குத் தெரியவில்லை. முதுகுக்கு அடியில் கதகதப்பு மெல்ல ஊறிக்கொண்டு வந்தது. வெந்த மல்லாட்டை வாசனை போல லேசாக ஒரு வாசனை. வேதியியல் வென்றுவிட்டது என்று நினைத்தான். அதை நினைத்து முடித்தானா என்பது தெரியாது.

இடையில் ஒரு முறை, தூக்கத்தின் அடியாழத்தில், முதுகுப் பக்கம் ‘புஸ், புஸ்’ என்று கேட்டது. சூடாக மூச்சு பட்டது. பழக்கத்தில் அவன் இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொண்டான்.

*

சர், சர், சர் என்று சத்தம் கேட்டுக் கண் விழித்தான். வாளியில் பால் இறங்கும் சத்தம். தொழில் சத்தம் என்பதால் உடனே புரிந்தது. வெயில் முகத்தில் அடித்தது. தலையைத் திருப்பினான்.

தூளிக்கு மூன்று முழம் தள்ளிப் பாக்கியமேரி குத்துக்காலிட்டு உட்கார்ந்து ரோஜாவைக் கறந்துகொண்டிருந்தாள். ரோஜாவின் தலை தூளிக்கு அடியில் இருந்தது. கொசுவலைப் பை நடுவில் கிழிந்து, ஒரு இணுக்குகூட மிச்சமில்லாமல், வற்றிய மடிபோலத் தொங்கியது. கடைசி இலையைத் தேடி ரோஜாவின் மூக்கு அவன் முதுகை முட்டிக்கொண்டிருந்தது. புஸ், புஸ்.

பிரபு அசையாமல் கிடந்தான். இரவு முழுக்க எந்தச் சூட்டில் தூங்கினோம் என்று யோசித்தான். மெத்தை எப்போது தீர்ந்தது, மூச்சு எப்போது தொடங்கியது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சைனஸ் வந்த சகாய பிரியாவும் கலப்பின மாடும் ஒரே மாதிரி மூச்சு விடுகிறார்கள் என்று அவன் சொல்லியிருந்தால், அவள் தலையணையால் அடித்திருப்பாள். இரண்டு அடி. பிறகு, “எந்த மாடு?” என்றும் கேட்டிருப்பாள்.

“எழுந்துட்டியா?” என்றாள் பாக்கியமேரி, கறப்பதை நிறுத்தாமல். “அவுத்துக்கினு போலாம்னு பாத்தேன். வரமாட்டேன்றா. சரி, இங்கியே கறந்துடலாம்னு ஒக்காந்துட்டேன்.”

“என் மெத்தையத் தின்னுட்டாக்கா.”

“தின்னாம? மாட்டுக்குப் பக்கத்துல மல்லாட்டக் கொடியத் தொங்கவுட்டா வேற இன்னா பண்ணும், முத்தம் குடுக்குமா?”

“நீங்கதான இங்க கட்டினீங்க. கொட்டாயில ஈரம்னு.”

சர், சர் என்று கொஞ்ச நேரம் பால் மட்டும் பேசியது. பிறகு அவள் சொன்னாள்.

“ஈரமும் இல்ல ஒண்ணும் இல்ல. உங்க மாமாதான், மருமவன் மேல ஒரு கண்ணு வெச்சிக்க பாக்கியம்னாரு. அவரு ரெண்டு நாளு ராத்திரி வந்து வந்து பாத்தாரு. நேத்து ஒடம்பு முடியல, ஜொரம். நான் முழிச்சிக்கினு ஒக்காந்தா காலையில எவன் கறப்பான்? அதான் இவள கட்டுனேன். ராத்திரியில எதுனா ஒண்ணு ஆச்சின்னா ஊரக் கூட்டிடுவா. கயிறு, மரம்னு நீ திரிஞ்சா நாங்க இன்னா நெனக்கிறது?”

பிரபுவுக்கு எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தது. கரண்ட் இல்லாத நேரத்தில் மோட்டார் பார்க்க வந்த டார்ச். வீட்டுக்காரர் தட்டிக்கொடுத்த தோள். அந்த ‘டேய்’. கேரல் பாட வந்த கூட்டம். முதல் வகுப்பில் தேறியவன்.

“எல்லாரும் அப்பிடியா நெனச்சீங்க?”

“பின்ன?”

“இல்லக்கா. தூக்கம் வரல. அவ்ளோதான்.”

“அத மொதல்லயே வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?”

பிரபு தலையைத் திருப்பி ரோஜாவைப் பார்த்தான். “இவ ஊரக் கூட்டுவான்னீங்க. கத்தவே இல்லியே.”

“வாயி நெறைய உன் மெத்த. எப்பிடிக் கத்துவா?”

பிரபுவின் வயிறு குலுங்கியது. அது சிரிப்புதானா என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. தூளி ஆடியது. ரோஜா மிரண்டு தலையை வெளியே இழுத்துக்கொண்டது. முதுகில் சட்டென்று குளிர் அடித்தது.

அப்போதுதான் மணி பார்த்தான். ஏழரை. ஆறு மணிக்கு அவன் விக்கிரவாண்டியில் இருந்திருக்க வேண்டும்.

*

அமலதாஸின் டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு பறந்தான். விருத்தாசலம் வாசலிலேயே நின்றார். பக்கத்தில் ஒரு புது ஆள், சோதனைக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மணி இன்னா?”

“எட்டு சார்.”

“ஆறு மணி ஷிஃப்ட்டு.”

“தூங்கிட்டேன் சார்.”

விருத்தாசலம் திட்ட வாயெடுத்தார். பிறகு அவனைச் சுற்றி வந்து பார்த்தார். சட்டை முதுகு முழுக்க மாட்டு எச்சில் காய்ந்து பளபளத்தது. தலைமுடி ஒரு பக்கமாக நக்கிவிடப்பட்டு நின்றது. காதோரம் ஒரு மல்லாட்டை இலை. கன்னத்தில் தூளித் துணியின் கோடு கோடான தழும்பு. பொய்யாகத் தூங்கியவன் முகத்தில் அது வராது.

“எங்கய்யா தூங்குன?”

“மாட்டுக் கூட.”

“சரி, போ. மூஞ்சக் கழுவிக்கினு வந்து கேனப் பாரு. தம்பி, நீ அந்தக் கொழாய வெச்சிட்டுக் கெளம்பு.”

எட்டரை மணிக்குப் பாக்கியமேரியின் பால் வந்தது. பிரபு சோதித்தான். கொழுப்பு வழக்கத்தைவிட ஒரு புள்ளி அதிகம். சந்தேகப்பட்டு இன்னொரு தடவை பார்த்தான். அதேதான். கேன் விளிம்பு வரை வந்ததும் குழாயை மூடினான்.

சாயங்காலம் திண்டிவனம் பஸ்ஸில் ஏறாமல் வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் கொல்லைக்கு வந்தான். அமலதாஸ் ஜுரத்தோடு மோட்டார் கொட்டகை வாசலில் துண்டைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார். அவருக்கு மாத்திரை வாங்கி வந்திருந்தான். கொடுத்தான். அவர் மாத்திரையை விழுங்கினார். பிறகு அவர், “முடிச்சு நின்னுதா மாப்ள?” என்றார்.

“நின்னுது மாமா.”

கொசுவலையை மறுபடி தைத்தான். கொடி அடைத்தான். பாக்கியமேரி அன்றும் ரோஜாவைப் புங்கமரத்தில்தான் கட்டியிருந்தாள். இந்த முறை புத்தியோடு, ரோஜாவுக்கென்று தனியாக ஒரு கட்டு, பெரிய கட்டு, மரத்தடியில் பிரித்துப் போட்டான்.

ரோஜா அதை முகர்ந்து பார்த்தது. ஒரு வாய் எடுத்தது. பிறகு கயிறு போகும் மட்டும் நடந்து, தூளிக்கு அடியில் தலையை விட்டது.